மறதிக்காரிக்கு எதுக்கு இவ்வளவு பயம்? ஏடிஹெச்டியும் கோணல் எண்ணங்களும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப எங்க சித்தி ஒரு கேள்வி கேட்டாங்க. "உனக்கு மறதின்னு தானடி டாக்டர் சொன்னாரு, அப்புறம் எதுக்கு எந்நேரமும் பயந்து சாகற? மறந்து போறவளுக்கு நிம்மதியால்ல இருக்கணும்?" எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். பஸ்ல திரும்பி வர்றப்ப யோசிச்சா, இத்தன வருஷத்துல யாரும் கேக்காத சரியான கேள்விய சித்தி கேட்டிருக்காங்கன்னு பட்டுச்சு. ஏடிஹெச்டி பத்தி தமிழ்ல பேசறவங்க பாதிப்பேரு கவனம் சிதறுது, ஒரு எடத்துல உக்கார முடியல, சாவிய எங்க வச்சேன்னு தெரியலங்கறதோட நிறுத்திக்கறாங்க. அதுகூடவே ஒட்டிக்கிட்டு வர்ற பயத்தையும், அந்தப் பயம் நம்ம யோசனைய எப்படிக் கோணலாக்குதுங்கறதையும் பெருசா யாரும் தொடறதில்ல. நான் டாக்டர் கிடையாது, திருப்பூர்ல ஒரு துணி எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர் வந்ததுல இருந்து சரக்கு கிளம்பற வரைக்கும் பின்னாடியே ஓடற ஆளு, 31 வயசுல தான் எனக்கு ஏடிஹெச்டி இருக்கறதே தெரிஞ்சுது. அதுக்கப்புறம் படிச்சது, தெரபில கத்துக்கிட்டது, அடிபட்டுத் தெரிஞ்சுக்கிட்டது எல்லாத்தையும் சேத்து சித்திக்குச் சொல்ற மாதிரியே சொல்லிப் பாக்கறேன்.

மொதல்ல ஏடிஹெச்டி. முழுப்பேரு அட்டென்ஷன் டெஃபிசிட் ஹைப்பர்ஆக்டிவிட்டி டிஸார்டர், அதாவது கவனக் குறைவும் அதீதப் பரபரப்பும். அந்தப் பேரே கொஞ்சம் ஏமாத்துப் பேருன்னு நான் சொல்லுவேன், ஏன்னா கவனம் நமக்கு நிறையவே இருக்கு, நாம சொல்ற எடத்துக்கு அது வராது, அவ்வளவுதான். சரக்கு வாங்கற பையரோட மெயிலுக்கு பதில் போட உக்காந்தா பத்து நிமிஷம் நிக்காத இதே மூளை, ஏதோ ஒரு பழைய கோயில் கல்வெட்டப் பத்தி படிக்க ஆரம்பிச்சா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சோறு தண்ணி இல்லாம நிக்கும். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் போடற டிஎஸ்எம்ங்கற கையேடு தான் நெறைய டாக்டர்கள் வச்சுப் பாக்கறது, அதோட அஞ்சாவது பதிப்பு 2013ல வந்துச்சு. அதுல கவனம் சம்பந்தமா 9 அறிகுறி, பரபரப்பு அவசரபுத்தி சம்பந்தமா 9 அறிகுறி. சின்னப் பசங்களுக்கு ஏதாவது ஒரு பக்கத்துல 6 இருக்கணும், பெரியவங்களுக்கு 5 போதும், அதுல சிலதாவது 12 வயசுக்கு முன்னாடியே இருந்திருக்கணும், வீட்ல மட்டுமில்லாம வேலை, ஸ்கூல்னு ரெண்டு எடத்துலயாவது தெரியணும். இந்த 18லயும் பயம்ங்கற வார்த்தை ஒரு எடத்துல கூட கிடையாது, அத ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வர்றேன்.

இது பெரும்பாலும் பரம்பரையா வர்றது, இரட்டைக் குழந்தைங்கள வச்சு பண்ணின ஆராய்ச்சிகள் எல்லாம் சேத்துப் பாத்தா ஏடிஹெச்டில ஆளுக்கு ஆள் இருக்கற வித்தியாசத்துல சுமார் 74 சதவீதம் மரபணு வழியா வருதுன்னு சொல்றாங்க. எங்கப்பா கண்ணாடிய நெத்தில ஏத்தி வச்சுக்கிட்டே வீடு பூரா கண்ணாடி தேடுவாரு, எனக்கு ஆராய்ச்சியே தேவப்படல. செல்லம் குடுத்துக் கெடுத்ததால வர்றதும் இல்ல, திமிரும் இல்ல.

இதுல நம்ம கதைக்கு முக்கியமானது வொர்க்கிங் மெமரி. ஒரு விஷயத்த மனசுல பிடிச்சு வச்சுக்கிட்டே இன்னொரு வேலையப் பாக்கறோமே, அந்தப் பிடி. அடுப்புல பால் இருக்குங்கறது மண்டைல இருக்கணும், அதே நேரம் காலிங் பெல் அடிச்சா போயி கதவும் திறக்கணும். எனக்கு கதவு திறந்த அந்த நிமிஷம் பால் இந்த உலகத்துலயே இல்ல. உள்ளங்கைல தண்ணி அள்ளிக்கிட்டு நடக்கற மாதிரின்னு வச்சுக்கோங்க, மத்தவங்களுக்கு நாலு சொட்டு சிந்தும், எங்களுக்கு போய்ச் சேர்றப்ப கை ஈரம் மட்டும் தான் மிச்சம்.

இப்ப கோணல் எண்ணத்துக்கு வருவோம். இங்கிலீஷ்ல காக்னிட்டிவ் டிஸ்டார்ஷன்ம்பாங்க, தமிழ்ல சிந்தனைத் திரிபுன்னு எழுதறாங்க, எனக்கு கோணல் எண்ணம்ங்கறது தான் வாய்ல வருது. இத ஒழுங்கா எடுத்து வச்சவரு ஆரன் பெக்னு ஒரு மனநல டாக்டர், ஃபிலடெல்ஃபியால பென்சில்வேனியா யுனிவர்சிட்டில இருந்தவரு, 2021ல நூறு வயசுல தான் இறந்தாரு. அவரு ஃப்ராய்டு வழில பயிற்சி எடுத்தவரு, பேஷண்ட்ட சோஃபால படுக்க வச்சு மனசுல வர்றதெல்லாம் சொல்லுங்கன்னு கேக்கற முறை. அப்படி ஒரு அம்மா ஏதேதோ அந்தரங்கக் கதையெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காங்க, ஆனா ரொம்ப பதட்டமா இருக்காங்க. என்னன்னு துருவிக் கேட்டா, இவ்வளவு நேரமும் உள்ளுக்குள்ள இன்னொரு குரல் ஓடிக்கிட்டே இருந்திருக்கு, நான் பேசறது டாக்டருக்கு போரடிக்குதோன்னு. பெக் பின்னாடி நெறைய தடவ சொன்ன கதை இது. வெளிய பேசற பேச்சுக்கு அடில இப்படி ஒரு ரெண்டாவது ஓட்டம் தன்னால ஓடுது, ஆளு அத எண்ணம்னே கவனிக்கறதில்ல, நெசம்னு எடுத்துக்கறாங்கன்னு அவருக்குப் பிடிபட்டுச்சு. 1960கள்ல இதுக்கு ஆட்டோமேட்டிக் தாட்ஸ், அதாவது தானா வர்ற எண்ணங்கள்னு பேரு வச்சு, அதுங்க திரும்பத் திரும்ப ஒரே மாதிரி தப்புகளப் பண்ணுதுன்னு எழுதினாரு. சிபிடி, அதாவது காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபின்னு இன்னைக்கு சொல்ற, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்திப் பாக்கற பேச்சு வைத்தியத்துக்கு வேர் அது தான்.

அந்தத் தப்புகளோட லிஸ்ட்ட மொதல் தடவ தெரபிஸ்ட் என் கைல குடுத்தப்ப எனக்கு சிரிப்பு தான் வந்துச்சு, இதெல்லாம் எங்க ஆத்தா வாயில கேட்டது தானேன்னு. சின்ன விஷயத்தப் பூதமாக்கறது ஒண்ணு இருக்கு, அது நம்ம ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்கறது. எதப் பாத்தாலும் ஆபத்தாத் தெரியறது, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சம்பந்தமே இல்லாத ரெண்டு விஷயத்த முடிச்சுப் போட்டு என்னால தான் ஆச்சுன்னு நினைக்கறது, காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதை, இதுல நாமளே காக்கா. ஒரு தடவ நடந்தத வச்சு எப்பவுமே இப்படித்தான்னு முடிவு கட்டறதும் அந்த லிஸ்ட்ல இருக்கு, அதுக்கு தான் நம்மாளு ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சர்டிஃபிகேட்டே குடுத்து வச்சிருக்கான். சோத்துக்கு சரி. ஒரே அரிசி, ஒரே தண்ணி, ஒரே அடுப்பு. மனுசனுக்கு அது செட் ஆகாது.

சரி, இது ஒரு சாதாரண நாள்ல எப்படி நடக்குதுன்னு பாக்கலாம். ஒரு செவ்வாக்கிழம காலைல 11.40க்கு எங்க மேனேஜர் அண்ணா ஒரு மெசேஜ் போட்டாரு, "ஃப்ரீ ஆனதும் கூப்பிடும்மா". நாலே வார்த்த கூட இல்ல. மொதல் பத்து செகண்டுல வயித்துல ஒரு பிசைவு. எண்ணம் அதுக்கப்புறம் தான் வருது, எதுக்குக் கூப்பிடறாரு, நேத்து அனுப்ப வேண்டிய சாம்பிள் அனுப்பிச்சேனா, அனுப்பிச்சேன், கூரியர் ரசீது எங்க, ரசீது காணோம், அப்ப அனுப்பலையோ, இல்ல தப்பான சைஸ அனுப்பிட்டேனோ, வழக்கமா ஒரு ஸ்மைலி போடுவாரே இன்னைக்கு போடல, போன மாசம் பக்கத்து சீட்டு பையன இப்படித்தான் கூப்பிட்டு நிறுத்தினாங்க, வீட்டு லோன் இன்னும் 11 வருஷம் இருக்கு. நாலு நிமிஷத்துல நான் வேலை போயி, வீடு போயி, எங்கம்மா வீட்டுத் திண்ணைல உக்காந்திருக்கேன். இதுல பாருங்க, மத்தவன் மனசுல இருக்கறத நாமளே படிச்சுடறது ஒரு கோணல், ஸ்மைலி இல்லாதத வச்சு முடிவு பண்றது இன்னொண்ணு, மெசேஜ்ல இருந்து திண்ணைக்கு ஒரே தாவா தாவறது மூணாவது. மூணும் தனித்தனியா வரல, ஒண்ணு தோள் மேல ஒண்ணு ஏறி வந்துச்சு. நான் கூப்பிட்டேனா? இல்ல. மூணு மணி நேரம் ஃபோனக் கவுத்துப் போட்டுட்டு ஃபைல் அடுக்கினேன். கடைசில 2.50க்குக் கூப்பிட்டா, "அந்த நேவி கலர் ஜிப்பர் சப்ளையர் நம்பர் உன்கிட்ட இருந்துச்சேம்மா, அதுக்கு தான் கூப்பிடச் சொன்னேன், நான் வேற எடத்துல கேட்டு வாங்கிட்டேன் பரவால்ல"ன்னாரு.

இதுவரைக்கும் படிச்சா, இது எல்லாருக்கும் தான வரும்னு தோணும். வரும். பதட்டக்காரங்க எல்லாருக்கும் வரும். ஏடிஹெச்டி இருக்கறவங்களுக்கு ஒரு விஷயம் வேற, அங்க தான் சாதாரண அட்வைஸ் எல்லாம் வழுக்கி விழுது. சிபிடில மொதல் பாடம் என்னன்னா, அந்த எண்ணத்துக்கு ஆதாரம் இருக்கான்னு பாருங்கன்னு சொல்லுவாங்க. நல்ல பாடம். சும்மா பதட்டப்படற ஆளு கேஸ் ஸ்டவ்வ ஆஃப் பண்ணாம வந்துட்டேனோன்னு பயந்தா, இதுவரைக்கும் எத்தன தடவ அப்படி விட்டிருக்கீங்கன்னு கேட்டா, ஒரு தடவ கூட இல்லம்பாரு, பயம் கொறையும். என்னக் கேட்டா? மூணு தடவ. ஒரு தடவ சாம்பார் கருகி, குக்கரக் கடாசிட்டு, பக்கத்து வீட்டுக்காரங்க கதவத் தட்டி, பெரிய கூத்து. சாம்பிள் அனுப்ப மறந்தியான்னா, ஆமா. 2019ல ஒரு லேப் டிப் அப்ரூவல் மெயில, அதாவது சாயத்தோட கலர் சாம்பிள பையர் ஓகே பண்ணின மெயில, நான் பாக்காம விட்டு, துணிக்கு சாயம் போடறது ஆறு நாள் தள்ளிப் போயி, கப்பல்ல போக வேண்டிய சரக்குல பாதிய ஃப்ளைட்ல அனுப்ப வேண்டி வந்துச்சு, திருப்பூர்ல வேலை பாக்கறவங்களுக்கு அந்த வலி தெரியும், லாபம் மொத்தமும் வானத்துல பறக்கும். ஆக எங்க பயத்துக்கு பின்னாடி ஒரு ஃபைல் இருக்கு, அதுல இருக்கறது எல்லாம் ஒரிஜினல் டாக்குமெண்ட்டு. எங்களுக்கு பேய் நெசமாவே ரெண்டு மூணு தடவ வந்து போயிருக்கு. அப்புறம் இருட்டப் பாத்தா சும்மா இருப்போமா?

அந்த ஃபைலு ஒண்ணாங்கிளாஸ்லயே ஆரம்பிச்சுடுது. டிஃபன் பாக்ஸ தொலைச்சது, ரேங்க் கார்டுல கையெழுத்து வாங்க மறந்தது, கணக்குல ஸ்டெப் எல்லாம் சரியாப் போட்டுட்டு கடைசி வரில 6அ 9ன்னு எழுதினது, "புத்தி இருக்கு, அக்கறை தான் இல்ல"ன்னு ஒவ்வொரு பேரண்ட்ஸ் மீட்டிங்லயும் சொன்னது. சொன்னவங்க யாரும் கெட்டவங்க இல்ல. ஆனா இருபது வருஷம் கேட்டா அது வெளிய இருந்து வர்ற குரலா இருக்காது, உள்ள உக்காந்துக்கும். அக்கறை இல்லன்னு திட்டு வாங்கின பொண்ணு, அக்கறை இருக்குன்னு நிரூபிக்கறதுக்கு என்ன பண்ணுவா, எல்லாத்துக்கும் பயப்படுவா.

சித்தி கேள்விக்கு பதில் இங்க தான் இருக்கு. எனக்குப் பயம் தான் ஞாபக சக்தி. மத்தவங்க மூளைல தானா அடிக்கற அலாரம் என்கிட்ட ரிப்பேரு, அதனால அந்த வேலைக்கு நான் பயத்த ஆளா வச்சிருக்கேன். நாளைக்கு ஷிப்மெண்ட்ங்கறது எனக்கு தானா ஞாபகம் வராது, ஷிப்மெண்ட் போகலன்னா என் கதி என்னன்னு நினைச்சு நினைச்சு வயித்தக் கலக்கிக்கிட்டே இருந்தா ஞாபகம் இருக்கும். வேலைய ஆரம்பிக்கறதும் அப்படித்தான், முக்கியமான வேலைங்கற ஒரே காரணத்துக்காக ஏடிஹெச்டி மூளை ஸ்டார்ட் ஆகாது, பிடிச்சிருக்கணும் இல்ல வாலுல தீப்பிடிச்சிருக்கணும். பிடிக்காத வேலைக்கெல்லாம் நாமளே தீ வச்சுக்கறோம். இது வேலை செய்யுது, அது தான் இதுல இருக்கற சிக்கலே. காலேஜ் முழுக்க எனக்கு இது வேலை செஞ்சுது, நல்ல மார்க் தான் வாங்கினேன், அதனால தான் 31 வரைக்கும் யாருக்கும் சந்தேகமும் வரல. ஆனா தீ வச்சு வச்சு வாழ்ந்தா வீடு முழுக்கப் புகையா தான இருக்கும். அமெரிக்கால 2006ல வெளியான ஒரு பெரிய சர்வேல ஏடிஹெச்டி இருக்கற பெரியவங்கள்ல 47 சதவீதம் பேருக்கு அந்த ஒரு வருஷத்துல ஏதாவது ஒரு பதட்ட நோயும் சேந்து இருந்துச்சு. கிட்டத்தட்ட ரெண்டுல ஒருத்தர். அந்த 18 அறிகுறில பயம்ங்கற வார்த்தை இல்லன்னு சொன்னேன்ல, இல்லாமலே இவ்வளவு.

இதோட நின்னா பரவால்ல. எங்க யோசனை இன்னொரு பக்கமும் கோணலா இருக்கு, அத யாரும் கோணல்னே சொல்றதில்ல, ஏன்னா அது சந்தோஷமான கோணல். "அஞ்சு நிமிஷ வேலை தான்." "இத எழுதி வைக்கணுமா, ஞாபகம் இருக்கும்." "கடைசி நேரத்துல தான் எனக்கு நல்லா வரும்." "மொதல்ல டேபிள க்ளீன் பண்ணிட்டு அப்புறம் ஃப்ரெஷ்ஷா ஆரம்பிக்கலாம்." இதெல்லாமும் ஆட்டோமேட்டிக் எண்ணம் தான், நெசத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, ஆனா பயத்துக்கு பதிலா நிம்மதிய குடுக்குது, அதனால நாம சந்தேகப்படறதே இல்ல. 2015ல ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதப் பத்தி தனியாவே எழுதினாங்க, ஏடிஹெச்டி பெரியவங்க வேலையத் தள்ளிப் போடறதுக்கு கெட்ட எண்ணத்த மட்டும் பாத்தா பத்தாது, இந்த மாதிரி கண்மூடித்தனமான நல்லெண்ணத்தையும் பாக்கணும்னு. அதப் படிச்சப்ப எனக்கு யாரோ என் வீட்டு ஜன்னல் வழியா எட்டிப் பாத்த மாதிரி இருந்துச்சு.

நான் ஒரு வாரம் ஃபோன்ல ஸ்டாப்வாட்ச் போட்டுப் பாத்தேன். குளிக்கப் போறதுல இருந்து செருப்பு மாட்டற வரைக்கும் இருபது நிமிஷம்னு தான் என் மனசுல முப்பது வருஷமா இருந்துச்சு. ஆறு நாள் அளந்ததுல கொறஞ்சது 47, கூடுனது 63 நிமிஷம். அப்ப தினமும் லேட்டா போயி, தினமும் ஓடி, தினமும் "நான் ஏன் இப்படி"ன்னு திட்டிக்கிட்டது எல்லாம் எதுக்கு? கூட்டல் கணக்கு தப்பு, அதுக்கு கேரக்டர் மேல கேஸ் போட்டிருக்கேன்.

ரெண்டு கோணலும் சேந்து ஒரு செக்குல ஓடுதுன்னு புரிஞ்சதும் நெறைய விஷயம் வெளங்குச்சு. எங்க வீட்டு கரண்ட் பில்லையே எடுத்துக்கோங்க. மெசேஜ் வருது, கட்ட ரெண்டு நிமிஷம் தான், சாயங்காலம் கட்டிக்கலாம், அது நல்லெண்ணம். சாயங்காலம் அது உலகத்துலயே இல்ல. கடைசி தேதி தாண்டி ஒரு நாள் ஞாபகம் வருது, இப்ப உள்ள குரல் மாறுது, ஒரு பில்லு கூட கட்டத் துப்பில்ல, நீயெல்லாம் ஒரு குடும்பப் பொம்பள. அத நினைச்சாலே அசிங்கமா இருக்கு, அசிங்கமா இருக்கறதால ஃபோன்ல பில் கட்டற ஆப்பத் திறக்க மாட்டேன், திறக்காததால இன்னும் நாலு நாள் போகும், கடைசில ஒரு நாள் மத்தியானம் ஃபேன் நிக்கும். நிக்கற ஃபேனப் பாத்து உள்ள குரல் சொல்லும், பாத்தியா, நான் சொன்னேன்ல. ஃபைல்ல இன்னொரு டாக்குமெண்ட்டு ஏறிடுச்சு. பில்லு 640 ரூபா, அக்கவுண்ட்ல பணம் இருந்துச்சு.

பெர்ஃபெக்ஷனிசமும், அதாவது எதுவும் கொறையே இல்லாம இருக்கணும்ங்கற பிடிவாதமும், இதுல ஒண்ணு, கேட்டா சிரிப்பீங்க, வீடு கெடக்கற கெடைக்கு பெர்ஃபெக்ஷனிசமான்னு. பென்சில்வேனியா பக்கம் 2016ல பண்ணின ஒரு சின்ன ஆய்வுல ஏடிஹெச்டி பெரியவங்க கிட்ட அதிகமா தெரிஞ்ச கோணல் எண்ணம் இது தான்னு வந்துச்சு. நாம நினைக்கற மாதிரி எல்லாத்தையும் பளபளன்னு முடிக்கற பெர்ஃபெக்ஷனிசம் இல்ல இது, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வர்றது. முழுசா ரெண்டு மணி நேரம் கிடைச்சா, மூடு சரியா இருந்தா, டேபிள் காலியா இருந்தா அப்ப உக்காந்து ஒரேடியா பண்ணலாம்னு. அந்த நல்ல நாள் வர்றதே இல்ல.

அப்புறம் நிராகரிப்பு. ஒரு சின்ன முகச்சுளிப்புக்கு நாள் பூரா நெஞ்சு எரியறத ஏடிஹெச்டி இருக்கறவங்க நெறைய பேர் சொல்லுவாங்க. இதுக்கு ஆர்எஸ்டின்னு, ரிஜெக்ஷன் சென்சிட்டிவ் டிஸ்ஃபோரியான்னு ஒரு பேரு ரீல்ஸ்ல எல்லாம் சுத்துது, வில்லியம் டாட்சன்னு ஒரு அமெரிக்க டாக்டர் பரப்பின வார்த்தை. அனுபவம் நெசம் தான், ஆனா அது டிஎஸ்எம்ல இருக்கற வியாதிப் பேரு கிடையாது, அத வச்சு யாராவது தனி டெஸ்ட்டு, தனி பேக்கேஜ்னு வித்தா பர்ஸ உள்ள வச்சுக்கோங்க.

இதுக்கு என்ன பண்றதுன்னா, "பாசிட்டிவா நினை"ங்கறது எனக்கு வேலைக்கே ஆகல. கண்ணாடி முன்னாடி நின்னு நான் பொறுப்பானவள்னு பத்து தடவ சொன்னா, பதினோராவது தடவ குக்கர் ஞாபகம் வரும். மண்டைக்குள்ளயே வச்சு வாதாடறதும் ஆகாது, ஏன்னா எண்ணத்தையும் அதுக்கு பதிலையும் ஒரே நேரத்துல பிடிச்சு வைக்கற உள்ளங்கை தான் நமக்கு ஒழுகுதே. அதனால பேப்பர். என்கிட்ட ஒரு பழைய அளவு நோட்டு இருக்கு, சட்டையோட செஸ்ட்டு, லெங்த் எல்லாம் குறிக்கற நோட்டு, அதோட பின்பக்கத்துல இருந்து எழுதிட்டு வர்றேன். மூணே வரி. நடந்தது என்ன, என் மண்டை குடுத்த தீர்ப்பு என்ன, இதுல வேலை ஏதாவது இருக்கா.

ஒரு பக்கத்த அப்படியே காட்டறேன். நடந்தது: பையர் கிட்ட இருந்து ஒரு வரி மெயில், ஷிப்மெண்ட் தேதி கன்ஃபர்ம் பண்ணு, கீழ தேங்க்ஸ் இல்ல. தீர்ப்பு: கடுப்பாயிட்டாங்க, ஆர்டர் போச்சு, நான் இந்த வேலைக்கே லாயக்கில்ல. வேலை: ஃபினிஷிங்ல கேட்டு தேதி போட்டு ரிப்ளை பண்ணணும். எழுதினப்புறம் பாத்தா மொதல் வரிக்கும் ரெண்டாவது வரிக்கும் நடுவுல ஒரு லாரியே போகலாம். ரிப்ளை பண்ண ஆறு நிமிஷம் ஆச்சு, அதையும் அளந்தேன்.

ஆனா சில பக்கத்துல தீர்ப்புல பாதி உண்மையாவே இருக்கும், அத மறைக்கக் கூடாது. ஒரு தடவ பாலிபேக் ஸ்டிக்கர் மாத்தச் சொன்ன மெயில நான் நெசமாவே விட்டுட்டேன், 400 பீஸ் பேக் ஆயிடுச்சு. அங்க போயி "இது வெறும் எண்ணம் தான்"னு தடவிக் குடுத்தா நான் முட்டாள். அன்னைக்கு கோணல் எங்க இருந்துச்சுன்னா, தப்பு பண்ணிட்டேங்கறதுல இல்ல, அதனால யாருக்கும் தெரியறதுக்குள்ள நானே ராவோட ராவா சரி பண்ணிடணும்ங்கறதுல இருந்துச்சு. பழைய நானா இருந்தா ரெண்டு நாள் மறைச்சிருப்பேன். மூணாவது வரில "அண்ணா கிட்ட இப்பவே சொல்லு"ன்னு எழுதிட்டேன், கை நடுங்குச்சு, போயி சொன்னேன், கத்தினாரு, அப்புறம் ரெண்டு பேர ஸ்டிக்கர் உரிக்க அனுப்பினாரு, சாயங்காலம் முடிஞ்சுது.

இன்னொண்ணு, பயத்த விரட்டறதுக்கு முன்னாடி அது பாத்துக்கிட்டிருந்த வேலைய வேற எங்கயாவது ஒப்படைக்கணும். இல்லன்னா அது போகாது, போனா நாம நெசமாவே மாட்டிப்போம். ராத்திரி படுக்கறப்ப பயம் வந்தா நான் இப்ப அதுகிட்ட கேக்கறது, நீ எத ஞாபகப்படுத்த வந்தங்கறது தான். பதில் இருந்தா அது சமையக்கட்டு சுவத்துல, செய்ய வேண்டியத எழுத மாட்டியிருக்கற போர்டுக்குப் போகும். பதில் இல்லன்னா அது வெறும் வயித்துக் கலக்கம், தண்ணி குடிச்சுட்டு படுக்கலாம். கரண்ட் பில்ல ஆட்டோபேல போட்டாச்சு. வீட்டப் பூட்டினதும் பூட்ட ஒரு ஃபோட்டோ, பஸ்ல உக்காந்து ஒரே ஒரு தடவ பாத்துக்கலாம். ஒண்ணு சொல்லிடறேன், ஃபோட்டோ பாத்தும் அடங்காம இருபது தடவ திரும்பிப் போயி பூட்டத் தொட்டுப் பாக்கற அளவுக்கு இருந்தா அது ஓசிடியா, அதாவது ஒரே எண்ணம் விடாம வந்து ஒரே செயலத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கற நோயா இருக்கலாம், அதுக்கு வைத்தியமே வேற, இந்த ஃபோட்டோ ட்ரிக்கு அங்க கெடுதல் தான் பண்ணும்.

மாத்திரை பத்தி சுருக்கமா. ஏடிஹெச்டிக்கு மெத்தில்ஃபெனிடேட், அட்டமாக்ஸெட்டின் மாதிரி மருந்துகள் நம்மூர்லயும் இருக்கு, மனநல டாக்டர் எழுதிக் குடுத்து அவரு பார்வைல தான் எடுக்கணும். சிலருக்கு கவனம் சரியாகறதாலயே பதட்டமும் இறங்கும், சிலருக்கு மருந்தால நெஞ்சு படபடப்பு கூடும், அது ஆளுக்கு ஆள் மாறும், மாறினா டாக்டர்கிட்ட சொல்லணும். எனக்கு மாத்திரையோட மூணு காப்பியும் சேந்தப்ப கை உதறுச்சு, காப்பிய ஒண்ணாக் கொறச்சேன். மாத்திரை வொர்க்கிங் மெமரிக்கு கொஞ்சம் கை குடுக்கும், இருபது வருஷ ஃபைல அது எரிக்காது. பாஸ்டன்ல ஏற்கனவே மருந்து எடுத்தும் தொந்தரவு மிச்சமிருந்த 86 பெரியவங்களுக்கு, ஒரு பாதிக்கு சிபிடியும் இன்னொரு பாதிக்கு ரிலாக்சேஷன் பயிற்சியும் குடுத்து பாத்தாங்க, 2010ல ரிசல்ட் வந்துச்சு, சிபிடி எடுத்தவங்களுக்கு தான் அதிகமா கொறஞ்சுது. அந்த சிபிடில பாதி, காலண்டரும் லிஸ்ட்டும் எப்படி வச்சுக்கறதுன்னு தான், கோணல் எண்ணம் பத்தின பகுதி அதுக்கு அப்புறம் தான் வரும். அந்த வரிசை எனக்கு ரொம்ப சரியாப் படுது.

மனநல டாக்டர்னு சொன்னா எங்கம்மா கூட மொதல்ல "கீழ்ப்பாக்கமா"ன்னு தான் கேட்டாங்க, அந்த ஆஸ்பத்திரி பேர வசவாவே ஆக்கி வச்சிருக்கோம். எங்க போறதுன்னு தெரியலன்னா 14416, டெலி மானஸ், மத்திய அரசு 2022ல ஆரம்பிச்ச இலவச நம்பர், தமிழ்லயே பேசலாம். எண்ணம் ஓடி ஓடி செத்துடலாம்ங்கற எடத்துல வந்து நின்னா நோட்டு, போர்டு எல்லாம் அப்புறம், அந்த நம்பரையோ பக்கத்துல இருக்கற ஆளையோ ஆஸ்பத்திரியையோ அன்னைக்கே பிடிங்க. தைராய்டு, தூக்கமின்மை, ரத்தசோகை இதெல்லாம் கூட இதே மாதிரி வேஷம் போடும், அதனால ரீல்ஸ் பாத்து நீங்களே முடிவு பண்ணாம ஒரு தடவ காட்டிடுங்க.

கடைசியா எங்க மேனேஜர் அண்ணா விஷயம். ஜிப்பர் கதைக்கு அப்புறம் ஒரு நாள் தைரியம் வந்து அவருகிட்ட கேட்டேன், "அண்ணா, கூப்பிடச் சொல்றப்ப எதுக்குன்னு ஒரு வார்த்த போட்டுடுங்க, எனக்கு அது பெரிய உதவி". ஏன்னு கேக்கல, சரின்னுட்டாரு. அதுல இருந்து "பட்டன் விஷயமா கூப்பிடு", "சண்டே லீவு விஷயமா கூப்பிடு"ன்னு தான் வரும், எனக்கும் அந்த மூணு மணி நேரம் மிச்சம். போன வாரம் வியாழக்கிழம ஒரு மெசேஜ், "விஷயம் ஒண்ணுமில்ல, சும்மா கூப்பிடு". சும்மாவா? எட்டு வருஷமா இந்த மனுசன் சும்மா கூப்பிட்டதே இல்லையே. நோட்ட எடுத்தேன், மொதல் வரி எழுதினேன், ரெண்டாவது வரி எழுதறதுக்குள்ள அரைப் பக்கம் தாண்டிடுச்சு, மூணாவது வரில "கூப்பிடு"ன்னு எழுதிட்டு கூப்பிட்டேன், பதினோரு நிமிஷத்துல. அவரு பொண்ணுக்கு கல்யாணம் கூடியிருக்காம்.